ஒன்பதாம் மாடிக் கதவு

இந்த ஹெல்மெட் உங்க முழங்கால்ல இடிக்குதா அக்கா? குடுங்க, மடியில வச்சுக்கிறேன். மேல வைக்கலாம்தான். போன தடவை அப்படி வச்சு, பஸ் பிரேக் போட்டதுல ஒரு பெரியவர் தலையில விழுந்துடுச்சு. அவர் தலையைத் தடவிட்டு உக்கார்ந்துட்டார். நான்தான் திருச்சி வர்ற வரைக்கும் அவருக்கு மயக்கம் வருதா, வாந்தி வருதான்னு பார்த்துக்கிட்டே வந்தேன். அவர் இறங்குறப்ப, என்னம்மா என்னையே முறைச்சுப் பார்த்துக்கிட்டு வர்றன்னு கேட்டுட்டுப் போனார்.

மதுரைக்குத்தான் போறேன். ஆமா, தனியாத்தான். பயமா இல்லையான்னு கேக்குறீங்க. இருக்குக்கா. ஏன் பொய் சொல்லணும். காலையில ரெண்டு இட்லி வாங்கி ஒண்ணு அப்படியே பையில கிடக்கு.

படிக்கிறேன்க்கா. வேலையும் பார்க்கிறேன். ரெண்டும் சேர்ந்த மாதிரி ஒரு படிப்பு. வாரத்துல அஞ்சு நாள் கட்டட வேலை நடக்குற இடத்துல இருக்கணும், சனிக்கிழமை காலேஜ். முடிச்சா டிகிரி. மெக்கானிக்கல், அதுலயும் கட்டடத்துக்குள்ள இருக்கிற மெக்கானிக்கல். அம்மாவுக்கு இதை விளக்கவே முடியல. சுவரு, தூணு, தளம் எல்லாம் வேற ஆளுங்க கட்டிடுவாங்கம்மா, அதுக்குள்ள காத்து வரணும், தண்ணி மேல ஏறணும், ஏசி ஓடணும், தீப்பிடிச்சா புகை வெளிய போகணும், அது எங்க வேலைன்னு சொன்னேன். அம்மா எல்லாம் கேட்டுட்டு, அப்ப பிளம்பரான்னு கேட்டாங்க. கிட்டத்தட்ட அப்படித்தான்னு சொல்லிட்டேன். 

கோவில்பட்டிதான் சொந்த ஊர். என் பேர் காளீஸ்வரி. பேரைக் கேட்டா சூலத்தோட நிக்கிற மாதிரி இருக்கும், ஆளைப் பார்த்தா இப்படி. நாப்பது கிலோ இருப்பேன், ஹெல்மெட்டோட சேர்த்து. அப்பா ஸ்கூல் வேன் ஓட்டுறார். அவருக்குப் பயம்னா என்னன்னே தெரியாது. வேன் நிறைய புள்ளைங்களை ஏத்திக்கிட்டு பைபாஸ்ல போறார்னா பார்த்துக்கோங்க. அவர் பொண்ணு எப்படி இப்படிப் பொறந்தேன்னு தெரியல. சின்ன வயசுல மிக்ஸி போட்டாலே நான் தெருவுக்கு ஓடிடுவேனாம்.

இந்தப் படிப்பு என் ஸ்கூல் டீச்சர் சொல்லி எழுதிப்போட்டது. பரீட்சை வச்சாங்க, பாஸாயிட்டேன். நேர்ல கூப்பிட்டுப் பேசினாங்க, அதுலயும் எப்படியோ எடுத்துட்டாங்க. சென்னையில கொண்டுவந்து விடுறப்ப அப்பா ஒண்ணே ஒண்ணுதான் சொன்னார். பாப்பா, முடியலன்னா ஒரு போன் போடு, வண்டிய எடுத்துட்டு வந்துடுறேன். அவர் ஆறுதலாத்தான் சொன்னார். எனக்கு அது எப்படி விழுந்துச்சுன்னா, இவ தாங்க மாட்டான்னு அப்பாவுக்கே தெரிஞ்சிருக்குன்னு விழுந்துச்சு.

முதல் நாளே அப்படித்தான் ஆச்சுக்கா. வேலைக்குப் போற பொண்ணுங்க தங்குற ஹாஸ்டல் கட்டுறாங்க, கேளம்பாக்கம் தாண்டி. பெரிய கட்டடம், பன்னெண்டு மாடி. எங்க கம்பெனிக்கு அதுல ஏசி, பம்பு, ஃபேன் வேலை. சூப்பர்வைசர் குணாளன் அண்ணன் என்னையும், என்னோட சேர்ந்த லோகித்தையும் கட்டடத்துக்கு அடியில பம்பு ரூமுக்குக் கூட்டிட்டுப் போனார். லோகித் சேலத்துப் பையன். கபடி ஆடுற உடம்பு. அந்த ரூம்ல ஜன்னலே கிடையாது. தண்ணி வாடை, டீசல் வாடை. சுவரோரமா சிவப்புப் பெயிண்ட் அடிச்ச பம்பு வரிசையா நிக்குது. இது தீப்பிடிச்சா ஓடுற பம்பு, இது கரண்ட் போனா ஓடுற டீசல் பம்புன்னு அண்ணன் சொல்லிக்கிட்டு இருக்கார். நான் அந்த டீசல் பம்புக்கு முதுகைக் காட்டி நிக்கிறேன். யாரோ அந்தப் பக்கம் ஒரு வால்வைத் திறந்திருக்காங்க. பைப்புல தண்ணி குறைஞ்சா அது தானா ஸ்டார்ட் ஆகுமாம். எனக்கு எப்படித் தெரியும். முதுகுக்குப் பின்னால லாரி ஸ்டார்ட் ஆன மாதிரி ஒரு சத்தம்.

நான் ஓடிட்டேன்க்கா. கார் ஏறி வர்ற சாய்தளம் வழியா வெயிலுக்கு வந்து, கேட்டு வரைக்கும் ஓடிட்டேன். செக்யூரிட்டி, தீப்பிடிச்சிருச்சான்னு விசிலை எடுத்துட்டார்.

அதுல இருந்து அங்க எனக்கு ஓட்டப்பந்தயம்னு பேரு. குணாளன் அண்ணன் கெட்டவர் இல்ல. பம்பு கடிக்காதும்மா, அது பாட்டுக்கு ஓடும்னு சிரிச்சார். ஆனா ஆபீஸ்ல சேர்றப்பவே ஒண்ணு சொல்லியிருந்தாங்க. ஆறு மாசம் பார்ப்போம், சைட் வேலை ஒத்துவரலன்னா வேற படிப்பு பார்த்துக்கலாம்னு. அன்னைக்கு ராத்திரி நான் தங்கியிருந்த ரூம்ல படுத்துக்கிட்டு நினைச்சேன், ஒத்துவரலன்னு முதல் நாளே எழுதியிருப்பாங்கன்னு.

அதுக்கப்புறம் எதுக்கெல்லாம் பயந்தேன்னு கேளுங்க. ஆள் ஏத்துற லிஃப்ட், கம்பிக்கூண்டு மாதிரி வெளியில ஆடிக்கிட்டே போகும், அதுக்குப் பயம். பைப்பு இறங்குற பொந்துக்குள்ள ஏணி வச்சு ஏறச் சொல்லுவாங்க, அதுக்குப் பயம். வாக்கி டாக்கில பேசப் பயம். எல்லாத்துக்கும் மேல, காலையில மீட்டிங் முடிக்கிறப்ப பர்வீன் மேடம் எல்லாரையும் பார்த்து, யாருக்காவது சந்தேகம் இருக்கான்னு கேப்பாங்க பாருங்க, அதுக்குத்தான் அதிகப் பயம். அவங்க எங்க புராஜெக்ட் இன்ஜினியர். அதிகம் பேச மாட்டாங்க. கேட்டுட்டு ஒவ்வொரு முகமாப் பார்ப்பாங்க. என் முகத்துக்கு வந்தா கொஞ்சம் கூடுதலா நிப்பாங்க. எனக்குச் சந்தேகம் மட்டும்தான் இருந்துச்சு. எங்க ஆரம்பிக்கிறதுன்னு தெரியாம ஷூவைப் பார்த்துக்கிட்டு நிப்பேன்.

தண்ணி வேணுமாக்கா? இருக்கு, குடிங்க.

ஒரு சனிக்கிழமை காலேஜ்ல மாடிப்படி ஃபேன் பத்திப் பாடம் எடுத்தாங்க. எனக்கு ரொம்பப் பிடிச்ச பாடம் அது. உயரமான கட்டடத்துல தீப்பிடிச்சா லிஃப்ட்ல போகக் கூடாது இல்லையா, படியிலதான் இறங்கணும். ஆனா தீயை விடப் புகைதான் ஆளைக் கொல்லும். அந்தப் புகை படிக்கு வந்துட்டா ஒருத்தரும் இறங்க முடியாது. அதனால மொட்டை மாடியில ஒரு பெரிய ஃபேன் வச்சு, அலாரம் அடிச்ச உடனே படிக்கட்டுக்குள்ள காத்தை ஊத விடுவாங்க. படிக்கட்டு முழுக்க பலூன் மாதிரி காத்து நிறைஞ்சு நிக்கும். எந்த மாடியில கதவைத் திறந்தாலும் உள்ள இருக்கிற காத்துதான் வெளிய தள்ளுமே தவிர, புகை உள்ள வராது. கேக்குறப்பவே எனக்கு மூச்சு லேசான மாதிரி இருந்துச்சு. பயந்து ஓடுறவங்களுக்காகவே ஒருத்தர் உக்கார்ந்து யோசிச்சு ஒண்ணு பண்ணியிருக்காங்களேன்னு.

நாங்க வேலை பார்க்கிற கட்டடத்துல அந்த ஃபேனைச் சோதிக்கிற நாள் வந்துச்சு. கதவு மாட்டின மாடிக்கு ஒருத்தரா நிக்கணும். ஃபேன் ஓடுறப்ப தாழ்வாரத்துல இருந்து படிக்கட்டுக் கதவைத் தள்ளித் திறக்கணும், திறந்துச்சுன்னு வாக்கி டாக்கில சொல்லணும். அவ்வளவுதான் வேலை. எனக்கு ஒன்பதாவது மாடி. தாழ்வாரத்துல ஜன்னல் இல்ல, லைட் இன்னும் பாதி மாட்டல. ஃபேன் போட்டாங்க. சுவருக்குள்ள ரயில் போற மாதிரி ஒரு சத்தம். நான் கதவுல கை வச்சுத் தள்ளினேன்.

அசையல.

ரெண்டு கையையும் வச்சேன். தோளை வச்சேன். அந்தப் பக்கம் யாரோ நின்னு வேணும்னே பிடிச்சுக்கிட்டு இருக்கிற மாதிரி இருந்துச்சுக்கா. நிஜமாவே, யாருன்னு கேட்டேன் நான். வாக்கி டாக்கில ஒன்பது, ஒன்பதுன்னு கூப்பிடுறாங்க. எனக்கு வாயே வரல. கொஞ்ச நேரத்துல லோகித் எட்டாவது மாடியில இருந்து படி வழியா மேல வந்து, அந்தப் பக்கத்துல இருந்து கைப்பிடியைப் பிடிச்சு இழுத்துத் திறந்தான். திறந்துட்டு, ஒன்பது ஓகேன்னு அவனே சொல்லிட்டான். புதுக் கதவுல்ல, பெயிண்ட் ஒட்டிக்கிட்டு இருக்கும்னான்.

நான் அன்னைக்கு மத்தியானமே குணாளன் அண்ணன்கிட்டப் போய்ச் சொன்னேன். அண்ணே, எனக்கு அந்தக் கதவைத் திறக்க முடியல. அவர் டிபன் பாக்ஸை மூடிக்கிட்டே என்னை மேலயும் கீழயும் பார்த்தார். நீ முதல்ல ஒழுங்கா சாப்பிடும்மான்னார். அவர் சொன்னதுல தப்பு என்ன இருக்கு? மத்த எல்லாரும் திறந்துட்டாங்களே. ஃபேனை நிறுத்தினதும் நானே ஒத்தக் கையால திறந்தேனே. அப்ப கோளாறு எங்க இருக்குன்னு தெளிவா இருக்குல்ல.

அதுனால நான் சாப்பிட ஆரம்பிச்சேன். சிரிக்காதீங்க. முட்டை, கடலை, ராத்திரி வாழைப்பழம். காலையில ரூம்ல சுவத்துல கை ஊன்றித் தள்ளிப் பழகுவேன். என் ரூம்ல இருந்த பொண்ணு, சுவரு பாவம்டி, விடுன்னு சொல்லுவா. அடுத்த சோதனை வருமே, எல்லார் முன்னாடியும் மாட்டிக்குவேனேன்னு எனக்கு அதே நினைப்பு. கனவுல கூட அந்தக் கதவுதான். கதவு நிக்கும், நான் தள்ளுவேன், அப்பா வேன்ல ஹாரன் அடிச்சுக்கிட்டே இருப்பார்.

தீயணைப்புத் துறையில இருந்து பார்வையிட வர்றாங்கன்னு தேதி சொன்னாங்க. அதுக்கு முந்தின நாள் எல்லாத்தையும் ஒருவாட்டி ஓட்டிப் பார்த்துடலாம்னு முடிவு. இந்தத் தடவை நிஜமா தீப்பிடிச்ச மாதிரியே. அலாரம் அடிக்கும், தாழ்வாரத்து லைட் அணையும், புகை மெஷின் வச்சுப் புகை விடுவாங்க. நாடகத்துல விடுறாங்களே, அந்தப் புகைதான். ஒண்ணும் பண்ணாது. பர்வீன் மேடம் மொட்டை மாடியில ஃபேன் பக்கத்துல. எங்க கம்பெனிக்கு வேலை குடுத்த கட்டடக்காரங்க கீழ ஒரு வாக்கி டாக்கி வச்சுக்கிட்டுக் கேட்டுக்கிட்டு இருக்காங்க. எனக்கு மறுபடியும் ஒன்பது.

புகை மெஷினை நான்தான் ஆன் பண்ணேன். வெள்ளையா, மெதுவா தரையோட வந்துச்சு. வெறும் நாடகப் புகைன்னு எனக்கு நல்லாத் தெரியும், இருந்தாலும் ஒரு அடி பின்னால போய் நின்னேன். அலாரம் அடிச்சுச்சு. லைட் அணைஞ்சுச்சு. சுவருக்குள்ள ரயில் கிளம்பிடுச்சு.

அப்ப ஒரு ரூம் கதவு திறந்து மூணு பொம்பளைங்க வெளிய ஓடி வந்தாங்க.

அந்த மாடியில யாரும் இல்லன்னுதான் நான் நினைச்சுக்கிட்டு இருந்தேன். மெத்தைக்கு உறை போட வந்தவங்களாம். காலையில எட்டாவது மாடின்னு சொல்லி, அப்புறம் யாரோ ஒன்பதுக்கு அனுப்பிட்டாங்க. சோதனைன்னு அவங்களுக்கு ஒருத்தரும் சொல்லல. அவங்களைப் பொறுத்தவரைக்கும் கட்டடம் எரியுது. முன்னால வந்தவங்க பேர் அந்தோணியம்மா. அப்ப தெரியாது, பிறகுதான் தெரியும். நல்ல உயரம், ஒரு மெத்தையைத் தலையில வச்சுக்கிட்டு இன்னொன்னை இடுப்புல இடுக்கிட்டுப் போறதை நானே பார்த்திருக்கேன். அவங்க நேரா வந்து கதவுல மோதினாங்க. கதவு கொஞ்சம், இந்த விரல் நுழையுற அளவுக்கு அசைஞ்சு, திரும்ப வந்து மூடிக்கிச்சு. அவங்க திரும்பி என்னைப் பார்த்தாங்க. புகையில கண்ணு மட்டும் தெரியுது. பூட்டியிருக்கா, பூட்டியிருக்கான்னு கேக்குறாங்க.

பயப்படாதீங்க, இது டெஸ்ட்டுன்னு நான் சொன்னேன். அலாரம் சத்தத்துல என் குரல் எனக்கே கேக்கல. மத்த ரெண்டு பேரும் கதவை அடிக்க ஆரம்பிச்சுட்டாங்க. ஒருத்தங்க மாதாவே, மாதாவேன்னு கத்துறாங்க. இன்னொருத்தங்க மயங்குற மாதிரி கதவைப் பிடிச்சுச் சரியுறாங்க. நாங்க நாலு பேரும் சேர்ந்து தள்ளினோம். புகையில யார் கை எங்க இருக்குன்னு தெரியல, ஒருத்தர் தள்ளுறப்ப இன்னொருத்தர் கையை எடுத்துடுறாங்க. கதவு விரலளவு அசையுது, மூடிக்குது. எனக்கு அந்தப் பம்பு ரூம்ல வந்த மாதிரியே வந்துச்சு, ஓடுன்னு. ஆனா எங்க ஓடுறது? ஓடுறதுக்கு இருக்கிற ஒரே வழி அந்தக் கதவுதான்.

வாக்கி டாக்கியை அழுத்திட்டேன். ஃபேனை நிறுத்துங்கன்னேன். குணாளன் அண்ணன் குரல் வந்துச்சு, என்னம்மா, ஒன்பது திறந்துச்சா, தோளை வச்சு அழுத்தித் தள்ளு. எனக்கு என்ன ஆச்சுன்னு தெரியலக்கா. திறக்கலன்னு கத்தினேன். என்னால முடியல, யாராலயும் முடியல, இங்க நாலு பேரு இருக்கோம், ஃபேனை நிறுத்துங்க, நிறுத்துங்கன்னு கத்திக்கிட்டே இருந்தேன். பட்டன்ல இருந்து விரலை எடுக்கவே இல்லையாம் நான். வேற யாரும் நடுவுல பேச முடியல. பன்னெண்டு மாடியும், கீழ கட்டடக்காரங்களும், அந்தோணியம்மா அழுறதையும் நான் அழுறதையும் கேட்டுக்கிட்டு இருந்திருக்காங்க.

ரயில் சத்தம் குறைஞ்சு குறைஞ்சு நின்னுச்சு. கதவு சும்மா திறந்துச்சு. நாங்க தள்ளிக்கிட்டே இருந்ததுல நாலு பேரும் ஒருத்தர் மேல ஒருத்தரா படிக்கட்டுல போய் விழுந்தோம். அந்தோணியம்மா எந்திரிச்சாங்க. என் முழங்கையில ரத்தம் வர்றதைப் பார்த்துட்டு, தலையில கட்டியிருந்த துண்டை அவுத்து அதுல கட்டிவிட்டாங்க. அவங்க போட்ட முடிச்சு இறுகினது இன்னும் எனக்கு இந்த இடத்துல தெரியுது.

அடுத்து என்ன நடக்கும்னு எனக்கு நல்லாத் தெரியும். கட்டடக்காரங்க முன்னாடி கம்பெனி மானத்தை வாங்கியாச்சு. நாளைக்கு அதிகாரிங்க வேற வர்றாங்க. யாரும் கூப்பிடுறதுக்கு முன்னாடி என் ரூமுக்குப் போய்த் துணியை எல்லாம் மடிச்சுப் பையில வச்சேன். அப்பாவுக்குப் போன் போட்டேன். வாங்கப்பான்னேன். என்னன்னு கேக்கல அவர். வர்றேன் பாப்பான்னு மட்டும் சொன்னார்.

மறுநாள் காலையில பர்வீன் மேடம் வரச் சொன்னாங்க. அதிகாரிங்க வர்றதை ஒரு வாரம் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டுட்டாங்களாம். நான் பையைத் தூக்கிக்கிட்டே போனேன். பையை எதுக்குத் தூக்கிட்டு வந்திருக்கன்னு கேட்டாங்க. நான் அதைப் பின்னால மறைச்சேன். சரி, அங்க வச்சுட்டு என்கூட வான்னாங்க. ஒன்பதாவது மாடிக்குக் கூட்டிட்டுப் போனாங்க. கையில ஒரு தராசு. மீன் கடையில கொக்கி போட்டு நிறுப்பாங்களே, அது மாதிரி, ஸ்பிரிங் வச்சது. ஃபேனைப் போடச் சொல்லிட்டு, படிக்கட்டுப் பக்கம் நின்னு, கதவுக் கைப்பிடியில கொக்கியை மாட்டி இழுத்தாங்க. முள்ளு ஏறிக்கிட்டே போகுது. அவங்க முகம் மாறிப்போச்சு. எவ்வளவு இருக்கணுமோ அதைப் போல ரெண்டு மடங்குக்கும் மேல. படிக்கட்டுக்குள்ள நிறைஞ்ச காத்துதான் அந்தப் பக்கத்துல இருந்து கதவை அமுக்கிப் பிடிச்சிருக்கு.

அப்புறம் எல்லாரும் மொட்டை மாடிக்குப் போனோம். காத்து அளவுக்கு மீறி நிறைஞ்சா தானா திறந்து வெளிய விடுறதுக்கு ஒரு தகடு ஜன்னல் இருக்கும். பாக்டரியில இருந்து வந்தப்ப ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கை யாரும் பிரிக்கவே இல்லக்கா. டேப்போட அப்படியே இருக்கு. எங்க தகடு திறக்கும்? முதல் தடவை கீழ் மாடியில பாதிக் கதவு மாட்டாம இருந்ததுனால காத்து அது வழியாப் போயிருக்கு. அப்பவே எனக்குத் திறக்கல. எல்லாக் கதவும் மாட்டினதும் போக இடமே இல்லாமப் போச்சு.

குணாளன் அண்ணன் அந்த பிளாஸ்டிக்கை உரிச்சுக் கையில சுருட்டிக்கிட்டு என் பக்கம் திரும்பினார். நீ அன்னைக்கே சொன்னியேம்மான்னார். லோகித் தரையைப் பார்த்துக்கிட்டு நின்னான். நான் உடனே சொன்னேன், இல்லண்ணே, எனக்கும் பலம் கம்மிதான்னு.

மேடம் என்ன சொன்னாங்கன்னா, இனிமே இந்தக் கட்டடத்துல எல்லாக் கதவையும் காளீஸ்வரி பார்க்கட்டும்னாங்க. தராசு வச்சும் பார்க்கணும், கையால தள்ளியும் பார்க்கணும். அவளுக்குத் திறந்தாத்தான் கதவு, இல்லன்னா இல்ல. எல்லார் முன்னாடியும் சொன்னாங்கக்கா. எனக்கு முகத்தை எங்க வச்சுக்கிறதுன்னு தெரியல. இருக்கிறதுலயே நோஞ்சான் இவதான்னு ஊருக்கே அறிவிச்ச மாதிரி. வேலையை விட்டு எடுக்காம ஏன் வச்சிருக்காங்கன்னு அப்பதான் புரிஞ்சுச்சு. பாவம் பார்த்துட்டாங்க.

அப்பா பத்து மணி வாக்குல வந்துட்டார். ராத்திரி முழுக்க வேன் ஓட்டிட்டு வந்திருக்கார். கேட்டுக்கு எதிர்ல நிறுத்திட்டு, ஸ்டியரிங்கைப் பிடிச்சபடியே உக்கார்ந்திருந்தார். பின்சீட்டுல எனக்குப் படுத்துக்கத் தலைகாணி, போர்வை எல்லாம் போட்டு வச்சிருந்தார். ஏறு பாப்பான்னார். அப்பா, மறு சோதனை இருக்கு, நான்தான் கதவைப் பார்க்கணும், முடிச்சுட்டு வந்துடுறேன்னேன். அவருக்கு ஒண்ணும் விளங்கல. செக்யூரிட்டிகிட்டக் கேட்டு ஒரு ஹெல்மெட் வாங்கிக் குடுத்து, வந்து பாருங்கப்பான்னு கூட்டிட்டுப் போனேன்.

ரெண்டாவது மாடி வரைக்கும் வந்தார். அங்க கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு நின்னுட்டார். நெத்தியெல்லாம் வேர்வை. நீ போ பாப்பா, நான் இங்கயே இருக்கேன்னார். ராத்திரி முழுக்கத் தூங்காம வண்டி ஓட்டினா அப்படித்தான் இருக்கும். அலாரம் அடிச்சப்பவும் அவர் அந்தக் கைப்பிடியை விடவே இல்லன்னு லோகித் பிறகு சொன்னான். நின்னுக்கிட்டே தூங்கியிருப்பார்.

நான் ஒன்பதுல நின்னேன். ஃபேன் ஓடுது. சுவருக்குள்ள அதே ரயில். கதவுக்கும் எனக்கும் நடுவுல ஒரு முழம் இருக்கும். கை போக மாட்டேங்குது. அந்தோணியம்மா துடைப்பத்தைப் பிடிச்சுக்கிட்டு தாழ்வாரத்து முனையில நிக்கிறாங்க. வரணும்னு யாரும் சொல்லல, அவங்களா வந்து நின்னாங்க. வாக்கி டாக்கில யாரும் அவசரப்படுத்தல. நான் கண்ணை மூடிக்கிட்டுத் தள்ளினேன். கனமாத்தான் இருந்துச்சு. ஆனா போச்சு. காத்து முகத்துல அடிச்சுச்சு, நல்லா குளுகுளுன்னு. அந்தோணியம்மா வந்து அவங்களும் ஒருவாட்டி தள்ளிப் பார்த்தாங்க. அப்புறம் இன்னொருவாட்டி. அப்புறம் போய்ப் பெருக்க ஆரம்பிச்சுட்டாங்க.

கீழ வந்தேன். அப்பா வேன் பக்கத்துல நின்னு தண்ணி குடிச்சுக்கிட்டு இருந்தார். போவோமான்னு கேட்டார். அப்பா, இன்னும் பத்துப் பதினோரு மாடி பாக்கி இருக்குன்னேன். நாளைக்கும் ஆகுமான்னார். ஆகும்பான்னேன். வரலப்பான்னு நேரா சொல்லப் பயமா இருந்துச்சு, அவ்வளவு தூரம் வந்த மனுஷன்கிட்ட எப்படிச் சொல்றது. அவர் தலைகாணியைத் தட்டித் திரும்பச் சீட்டுல வச்சார். சரி பாப்பா, புள்ளைங்களுக்கு நாளைக்கு ஸ்கூல் இருக்கு, நான் வேற கிளம்பணும்னார். வண்டியில ஏறினதுக்கப்புறமும் ரொம்ப நேரம் ஸ்டார்ட் பண்ணல. அந்தப் படிக்கட்டுல தினமும் ஏறுவியான்னு கேட்டார். ஏறுவேன்னேன். ம்ன்னார். அப்புறம்தான் சாவியைத் திருப்பினார். ஊர் போய்ச் சேர்ற வரைக்கும் டீக்கடைக்கு டீக்கடை நின்னு போன் பண்ணிக்கிட்டே போனார். சாப்பிட்டியா, சாப்பிட்டியான்னு. அவருக்கு என்ன, பயமா ஒண்ணா, தூக்கம் வராம இருக்கப் பேசியிருப்பார்.

ஆறு மாசம் எப்பவோ முடிஞ்சு போச்சு. போகச் சொல்லி யாரும் சொல்லல. நானும் கேக்கல, எதுக்கு ஞாபகப்படுத்தணும்.

விராலிமலை தாண்டிடுச்சா? அப்ப இன்னும் ரெண்டு மணி நேரம்தான்.

இப்ப மதுரையில ஒரு ஆஸ்பத்திரி. புதுசா கட்டினது, எங்க கம்பெனி வேலைதான். அடுத்த வாரம் நோயாளிங்களைச் சேர்க்கப் போறாங்க. ஆறாவது மாடியில பிரசவ வார்டாம். போன் பண்ணி, கதவு பார்க்க ஆள் அனுப்புங்கன்னு கேட்டிருக்காங்க. பர்வீன் மேடம் என் பேரைக் குடுத்துட்டாங்க. நான் இன்னும் முதல் வருஷம்தான்க்கா. வேற ஆள் யாரும் கிடைக்கல போல. மேடம், நீங்களும் வருவீங்களான்னு கேட்டேன். நான் எதுக்குன்னாங்க. குணாளன் அண்ணன் வருவாரான்னு கேட்டேன். அவர் எதுக்குன்னாங்க.

அங்க எனக்கு ஒருத்தரையும் தெரியாது. எல்லாம் பெரிய பெரிய இன்ஜினியருங்களா இருப்பாங்க, எல்லாம் முடிஞ்சுது, நீ சும்மா ஒரு கையெழுத்துப் போட்டுட்டுப் போம்மான்னு சொல்லுவாங்க. நான் போய் ஒவ்வொரு கதவா நின்னு தள்ளணும். திறந்துட்டா பரவாயில்ல.

திறக்கலன்னாவா? திறக்கலன்னா என்னக்கா பண்றது, திறக்கலன்னுதான் சொல்லணும். அதுக்குத்தான் பயமா இருக்கு.